வீட்டுக்காரர் பெயர் என்ற கட்டம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். ஓய்வு பெற்றவர்களிடம் இப்படிக் கேட்பது வழக்கம். எழுதிக் கொடுத்ததைப் படிக்காமல் விடுவதும் வழக்கம்தான். அதனால் ஒரு தைரியம் வந்துவிட்டது, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நாங்கள் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் அறைக்குள் போனவர்கள். தூசி ஆகாது என்று காரணம் சொல்வார்கள். ஆனால் உள்ளே வந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டதற்கும், ஒன்றிரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டதற்கும் தூசியா காரணம்? ஆயுத பூஜைக்குத் திரைக்கு மேல் சந்தனம் குங்குமம் வைத்தோம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சாமியிடம் கேட்கிற கேள்வியைக்கூட அதனிடம் கேட்கக் கூடாது என்று ஆனதுதான் வினை.

தொண்ணூறுகளின் நடுவில், மலையடிவாரத்து எங்கள் ஊரில், வேங்கிக்கால் போகிற வழியில் ஒரு ஜவுளிக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் நிறுவனம் இருந்தது. யாராவது காகிதத்தில் எழுதிக் கொண்டுவந்தால் நாங்கள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பிரித்து, அடுக்கி, அச்சடித்துக் கொடுப்போம். ஒரு யுனிக்ஸ் மெஷின், அதிலிருந்து இழுத்த நாலைந்து திரைகள், எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் சார். தட்டச்சு செய்கிற பெண்களைத் தவிர, கட்டளை எழுதத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். அதையும் சார் வருகிறவர்களிடம் ஒரு காட்சிப் பொருள் மாதிரி சொல்லிக்கொள்வார்.

சார் கெட்டவர் இல்லை. சென்னையில் போய்ப் பயிற்சி எடுத்தவர், அது ஒன்றுதான் அவருக்கு வந்த நோய். பத்து வரியில் செய்ய வேண்டியதை ஒரே வரியில் செய்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்காருவார். கோப்பிலிருந்து ஒரு கட்டத்தை மட்டும் உருவி எடுக்க ‘கட்’ என்று ஒரு சாதுவான கட்டளை உண்டு. கட்டம் காலியாக இருந்தாலும் அதையும் ஒரு கட்டம் என்றே எண்ணும். சாருக்கு அது இளக்காரம். “அது காய் நறுக்கற கத்திங்க,” என்பார். அவருக்கு ‘ஆக்’ என்கிற பெரிய கட்டளைதான் வேண்டும். அதுவும் நல்ல கருவிதான். ஆனால் பிரிக்கிற குறி எது என்று நாம் சொல்லாவிட்டால், இடைவெளி கண்ட இடமெல்லாம் வெட்டும். ஒரு இடைவெளியா, ஓர் ஆள் படுக்கிற அளவு இடைவெளியா என்று பார்க்காது. இரண்டும் அதற்கு ஒன்றுதான்.

அது பெயருக்கு நடுவிலும் வெட்டிவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். சார் அதற்கும் வழி வைத்திருந்தார். பெயரிலோ தெருவிலோ இடைவெளி விடக் கூடாது, புள்ளிதான் வைக்க வேண்டும் என்று ஆப்பரேட்டர்களுக்கு உத்தரவு. கருவிக்கு ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல அவருக்குச் சோம்பல், அதற்காக ஊரில் உள்ள பெயர்களுக்கெல்லாம் புள்ளி குத்தினோம்.

அந்தச் சமயத்தில்தான் ஓர் அறக்கட்டளை எங்களிடம் வந்தது. பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. ஊருக்கு வெளியே ஓர் ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்தவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு வெளிநாட்டு நன்கொடையில் சின்னச் சின்ன வீடுகள் கட்டி முடித்திருந்தார்கள். யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க, கல்லூரி மாணவர்களை அனுப்பித் தெருத் தெருவாக ஒரு வீடு விடாமல் கணக்கெடுத்தார்கள். ஏரிக்கரையோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நன்கொடை கொடுத்தவர்களுக்கு முழு விவரம் வேண்டுமாம்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரி. வரிசை எண், பெயர், தெரு, கணவர் அல்லது தகப்பனார் பெயர், வீட்டு வகை, எத்தனை ஆட்கள். வீட்டு வகையில் ஒன்று என்றால் ஏரிக்கரைக் குடிசை, இரண்டு என்றால் ஓட்டு வீடு, மூன்று என்றால் மாடி வீடு. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே டேப், அதாவது அகலமான ஓர் இடைவெளி, அடித்துப் பிரித்திருந்தோம். ஐந்தாவது கட்டத்தில் ஒன்று என்று இருக்கிற வரிகளை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. சார் ஒரே வரியில் எடுத்தார், சாய்ந்து உட்கார்ந்தார். பட்டியல் அச்சாகி, அவர் கையாலேயே அறக்கட்டளைச் செயலாளரிடம் போனது.

பட்டியலில் இருந்த பெயர்களைவிடக் கட்டிய வீடுகள் ஜாஸ்தி. ஏரிக்கரையில் இருக்கிற குடிசைகளை எண்ணித்தானே வீடு கட்டினார்கள், எப்படி மிச்சம் வரும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் உண்டு. மிச்சமான வீடுகளுக்கு அறக்கட்டளைக் கமிட்டிக்காரர்கள் ஆளுக்கு இரண்டு மூன்று பேரைச் சிபாரிசு செய்துவிட்டார்கள். மச்சினன், டிரைவர், வீட்டு வேலைக்கு வருகிறவளின் தம்பி. பிள்ளைகளே, பிழையான விடையிலேயே மோசமானது எல்லோருக்கும் சௌகரியமாக இருக்கிற பிழையான விடைதான். அதற்கு ஆயுசு கெட்டி.

சார் செயலாளருக்கு ஒரு யோசனையும் சொல்லிக் கொடுத்திருந்தார். யாராவது வந்து சண்டை போட்டால், தேர்ந்தெடுத்தது நாங்கள் இல்லை, கம்ப்யூட்டர் என்று சொல்லிவிடுங்கள்; யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்று. பட்டியலைச் சுவரில் ஒட்டிய மறுநாள் அந்த யோசனை எங்கள் மாடிப்படி ஏறி வந்தது.

வந்தவள் பெயர் பச்சையம்மாள். முப்பது வயது இருக்கும். ஆசிரமத்துப் பக்கம் வெளியூர்க்காரர்கள் தங்குகிற அறைகளில் படுக்கை விரிப்பு துவைக்கிறவள். செருப்பைக் கீழ்ப்படியிலேயே விட்டுவிட்டு வந்து, அறையைச் சுற்றிப் பார்த்து, என்னிடம் கேட்டாள்.

“எங்க கீறாரு கம்ப்யூட்டரு?”

என்ன விஷயம் என்று கேட்டேன்.

“அவருதான் என் பேர வுட்டுட்டாராம். செயலாளர் ஐயா சொன்னாரு. திட்ட வரலம்மா, ஒரு வார்த்த கேட்டுட்டுப் போறேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் மீதியைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். இங்கே இவள், இரண்டு பெண் பிள்ளைகள், நடக்க முடியாத மாமியார். குடிசையைப் பிரிக்க நாள் குறித்தாகிவிட்டது. வயசுக்கு வந்த பெண்ணை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலா படுப்பேன் என்று கேட்டாள். அழவில்லை. கம்ப்யூட்டர் எந்த மூலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரியாததால், எல்லாத் திரைகளுக்கும் பொதுவாகப் பார்த்துச் சொன்னாள்.

அவள் பெயரைத் தேடினேன். கோப்பில் இருந்தது. ஏரிக்கரை என்று இருந்தது. வீட்டு வகை ஒன்று என்று இருந்தது. ஆட்கள் நாலு என்று இருந்தது. எல்லாம் சரி, ஆனால் பட்டியலில் மட்டும் இல்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவுக்கும் ஒன்றுக்கும் நடுவில் மட்டும் இடைவெளி அகலமாக இருந்தது. அங்கே கணவர் பெயர் இருந்திருக்க வேண்டும். விரலை வைத்து, சாரின் கட்டளை எண்ணுகிற மாதிரியே எண்ணினேன். வரிசை எண், பெயர், தெரு, ஒன்று, நாலு. ஐந்தாவது கட்டத்தில் நாலு. காலிக் கட்டத்தை அது பார்க்கவே இல்லை. பின்னால் இருந்ததெல்லாம் ஒரு கட்டம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துவிட்டது. வீட்டு வகை நாலு என்று ஒன்று கிடையாது, அதனால் பச்சையம்மாள் இல்லை.

“வீட்டுக்காரர் பேர் என்னம்மா?”

முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். “பெரிய பொண்ணு ஸ்கூலு விட்டு வந்தா சொல்லுவா. இட்டுக்கினு வரட்டுங்களா?”

கணக்கெடுப்பு எப்படி நடந்திருக்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பையன்கள் பகலில் போயிருக்கிறார்கள். ஆண்கள் வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. கட்டியவர் பெயரை எந்தப் பெண் வாயால் சொல்வாள்? மீசை முளைக்காத பையனுக்கு அதைத் திரும்பக் கேட்கவும் கூச்சம். காலியாக விட்டுவிட்டு அடுத்த குடிசைக்குப் போயிருக்கிறான்.

சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நான் கட்டளையைக் காட்டினேன், அவர் பச்சையம்மாளைப் பார்த்தார்.

“பேரைச் சொல்லும்மா. இப்பவே அடிச்சுடறேன். சொன்னாதான் வீடு.”

அவள் தரையைப் பார்த்தாள். ஒரு பெயரைச் சொல்வதில் என்ன குறைந்துவிடப் போகிறது, இந்தக் காலத்திலும் இப்படியா என்று சார் ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். அவள் முடியும் வரை கேட்டாள்.

“வீடு வேணும்தாங்க. அதுக்காக வாயில வராதத எங்கிருந்துங்க வரவைக்கிறது?”

சார் என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். “ஏதாவது ஒரு பேரைப் போட்டுட்டு இவங்களைச் சேத்துடுங்க. ஒரு வீடுதானே. சாவி குடுக்கற விழா ஞாயித்துக்கிழமை. பெருசு பண்ணாதீங்க.”

இந்த நிமிடத்தைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். எதிரில் நிற்கிறவளுக்கு வீடு கிடைக்கும், அவள் வாழ்த்திவிட்டுப் போவாள், சாருக்கும் நிம்மதி, எனக்கும் புண்ணியம். பத்து விநாடி வேலை. நம் தொழிலில் நல்ல மனசுக்காரர்கள் செய்கிற தப்பு பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும். மாடிப்படி ஏறி வந்து கேட்டவளுக்கு மட்டும் சரி செய்து அனுப்பிவிட்டு, ஏறி வராதவர்களை மறந்துவிடுவோம். ஒரு வரி பிசகியிருந்தால் பக்கத்து வரியைப் பார்க்காமல் எழுந்திருக்காதீர்கள்.

ஒரு நிமிஷம் சார் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு வரியிலும் எத்தனை கட்டம் என்று எண்ணி, ஒன்று குறைகிற வரிகளை மட்டும் காட்டச் சொன்னேன். திரை ஓட ஆரம்பித்தது. ஓடிக்கொண்டே இருந்தது. எல்லாம் பெண்கள். குப்பம்மாள், முனியம்மாள், வள்ளியம்மாள், ஏரிக்கரை, ஏரிக்கரை, ஏரிக்கரை. பச்சையம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஏதோ தனக்குச் சாதகமாக ஓடுகிறது என்று நினைத்தாளோ என்னவோ, கைகூப்பிவிட்டாள்.

சார் முதலில் கணக்கெடுத்த பையன்கள் தப்பு என்றார். பிறகு பெயர் சொல்லாத பெண்கள் தப்பு என்றார். பிறகு வெறும் டேப் அடித்துவிட்டுப் போன ஆப்பரேட்டர் தப்பு என்றார். ஊரில் எல்லோரும் தீர்ந்துபோய் அவருடைய ஒரு வரி மட்டும் மிச்சம் நின்றபோது, கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது என்று முடித்தார்.

நான் அச்சடித்த பட்டியலை எடுத்து அதில் ஒரு பெயரைக் காட்டினேன். தேரடிப் பக்கம் மாடி வீட்டில் இருக்கிற ஒரு பெரியம்மாள். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில், தனி ஆள். அவரும் போய்ச் சேர்ந்த கணவரின் பெயரை அந்தப் பையனிடம் சொல்லவில்லை. ஆட்கள் ஒன்று என்பது நகர்ந்து வீட்டு வகை ஒன்றாகி, அவருக்கு வீடு கிடைத்திருந்தது. சுவாமியே பார்த்துக் கொடுத்தார் என்று தெரு முழுக்கக் கல்கண்டு கொடுத்ததாகக் கேள்வி.

“அப்ப இந்தம்மாவோட குடிசை ஏரிக்கரையில எங்க இருக்கு சார்?” என்று கேட்டேன்.

சார் தண்ணீர் குடிக்கப் போனார். நான் பிரிக்கிற குறி டேப் மட்டும்தான் என்று கட்டளைக்குள் ஒரு சின்னக் குறிப்பைச் சேர்த்தேன். புதிய பட்டியல் வந்தது. கட்டிய வீடுகளும் வந்த பெயர்களும் அப்படியே பொருந்தின. மிச்சம் என்று ஒரு வீடுகூட இல்லை. ஒரு பெண்ணையும் பெயர் சொல்லச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

செயலாளர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், தெற்கத்திக்காரர். பட்டியலைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது, அதனாலேயே கோபம் வந்தது. கமிட்டியில் எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தாயிற்று, அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார். நியாயம் பேசலாம் என்று போன எனக்கு, அவர் முகத்தைப் பார்த்ததும் நியாயம் அங்கே செல்லாது என்று தெரிந்தது.

“விழாவுக்கு வெளிநாட்டுலருந்து வர்ற நன்கொடைக்காரங்க ஏரிக்கரையையும் பார்க்கணும்னு சொன்னா என்ன சார் பண்ணுவீங்க? அங்க இவங்க எல்லாம் உக்காந்திருப்பாங்களே.”

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். கமிட்டிக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டார். கம்ப்யூட்டர் மனசு மாறிவிட்டது என்று சொல்லுங்கள், அது மேல் எந்தப் பழி போட்டாலும் கோபித்துக்கொள்ளாது என்றேன். ஏழைகளை வெளியே அனுப்பச் சார் கொடுத்த சாக்கு, கமிட்டிக்காரர்களின் மச்சினன்களை வெளியே அனுப்பவும் அப்படியே பயன்பட்டது. நல்ல மென்பொருள் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும், எந்தப் பக்கமும் ஓட வேண்டும். மாடி வீட்டுப் பெரியம்மாள் மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. சுவாமி கொடுத்ததைச் செயலாளர் பிடுங்கிக்கொண்டார் என்று சாகும்வரை சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை புது வீடுகளுக்கு முன்னால் பந்தல். பட்டியலைச் சரிபார்க்க என்னையும் மேஜைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். செயலாளர் விட்டதை எங்கே பிடிப்பது என்று இருந்திருக்கிறார். பத்திரத்தில் கணவர் பெயர் இல்லாமல் சாவி கிடையாது என்றுவிட்டார். சட்டப்படி அது நியாயம்தான். இத்தனை பாடுபட்டுப் பட்டியலில் ஏற்றியவர்கள், சாவிக்கு ஒரு முழம் தள்ளி நின்று வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போவார்களா?

முதலில் நின்ற குப்பம்மாளிடம் பெயர் கேட்டார். அவள் பின்னால் திரும்பினாள். பின்னால் நின்ற முனியம்மாள், “அவங்க ஊட்டுக்காரர் ஏழுமலைங்க,” என்றாள். குப்பம்மாள் சாவியை வாங்கிக்கொண்டு நகர்ந்தாள். முனியம்மாளுடைய வீட்டுக்காரர் பெயரை அவளுக்குப் பின்னால் நின்றவள் சொன்னாள். அவளுடையதை அவளுக்கு அடுத்தவள். வரிசை முழுக்க இப்படியே, ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. காலம் காலமாக ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் அவர்கள் இப்படித்தான் செய்துவந்திருக்கிறார்கள். கணக்கெடுக்கப் போன பையன் பக்கத்துக் குடிசையில் ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

கடைசியில் நின்றது பச்சையம்மாள். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. சாவி வாங்கினவர்கள் எல்லாம் வீட்டைத் திறந்து பார்க்க ஓடிவிட்டார்கள். செயலாளர் கேட்டார். அவள் திரும்பிப் பார்த்தாள். வெறும் பந்தல். கையை நீட்டி, பந்தலுக்கு வெளியே தெரிந்த மலையைக் காட்டினாள்.

“மலைன்னா எந்தப் பேரும்மா? அருணாசலமா, அண்ணாமலையா, சோணாசலமா? பத்திரத்துல ஒண்ணைத்தான் எழுத முடியும்.”

அவள் முந்தானைக்குள் சிரித்தாள். எந்தப் பெயருக்குச் சிரித்தாள் என்று அவருக்குப் பிடிபடவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“நீங்க படிச்சவங்க. கம்ப்யூட்டர்லயே வேலை பார்க்கறீங்க. நீங்க சொல்லுங்கம்மா, என்ன பேரு?”

எனக்குத் தெரியும். அவள் எந்தப் பெயருக்கு வெட்கப்பட்டாள் என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொல்ல வாயைத் திறந்தேன், திறந்தபடியே இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரரை நான் பெயர் சொன்னதில்லை. இந்த ஊரில் பாதிப் பேருக்கு வைக்கிற பெயரைத்தான் அவருக்கும் வைத்திருந்தார்கள். பேனாவை வாங்கி எழுதிக் காட்டியிருக்கலாம். அந்த நேரத்தில் அது தோன்றவே இல்லை. நானும் கையை நீட்டி மலையைக் காட்டினேன்.

செயலாளர் என் கையைப் பார்த்தார், பச்சையம்மாள் கையைப் பார்த்தார். பச்சையம்மாளுக்கு விஷயம் புரிந்து, சிரிப்பை அடக்க முடியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் சொன்னதுல இரண்டாவதா?” என்று கேட்டார்.

இரண்டு பேரும் தலையாட்டினோம். அவர் எழுதி முடித்துவிட்டுச் சாவியை அவளிடம் கொடுத்தார்.